ஞானரட்ணத்தின் நெஞ்சுப் படம்

தொலைபேசியில் பேசிக்கொண்டே என் கணவர் சமையலறை நடுவில் நின்று, அங்கே இல்லாத ஒரு கிறேனைக் கையால் இறக்கிக்கொண்டிருந்தார். வலது கை இடுப்பளவில் நீண்டு, ஒரு விரல் நிலத்தைச் சுட்டி, மெல்ல வட்டம் போட்டது. பிறகு இரண்டு கைகளும் அகல விரிந்து அசையாமல் நின்றன. அது நிறுத்து என்பதற்கான சைகை. மறுமுனையில் இருந்தவள் பிரான்ஸில், டன்கேர்க் துறைமுகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்பாலைகளுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சிப் பெண். அவளுக்கு இவருடைய கை தெரியப்போவதில்லை. அந்தக் காட்சி எனக்கும் அடுப்பில் இருந்த பருப்புக்கும் மட்டும்தான். இவருடைய பிரெஞ்சு அப்படிப்பட்டது. தூக்கு, இறக்கு, மெல்ல, தலையை எடு, இவற்றையெல்லாம் பிரெஞ்சுக்காரனைவிட வேகமாகச் சொல்வார். ஒரு கடிதம் எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார்.

பேசி முடித்து வைத்தபோது முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக நின்றார். வேலை இருக்கிறது. கிறேனில் பாரம் கட்டிக் கொழுவுகிற அதே வேலை. திங்கட்கிழமையே தொடங்கலாம். ஆனால் முன்பு இந்த வேலை செய்ததற்கு ஒரு தாளாவது வேண்டுமாம், நாளை மாலை ஐந்து மணிக்குள். தாள் இல்லையென்றால் புதிதாக வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு பயிற்சி இருக்கிறது, அடுத்த வருடம் பெயரைப் பதியலாம் என்றாளாம். "அடுத்த வருஷம் எனக்கு அம்பத்திரண்டு," என்றார். நான் அடுப்பைக் குறைத்தேன். வேறு என்ன செய்ய?

கிறிஸ்துராஜா என்ற இந்த மனிதர் எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். கிழக்கு லண்டனில், டகனத்தில் பதினொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வேர்ஹவுஸ் ஒருநாள் பெட்டி கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டது. முதல் மாதம் நல்ல ஓய்வு என்றார். இரண்டாம் மாதம் என் தூள் போத்தல்களையெல்லாம் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினார். நான்காம் மாதம் பேச்சுக் குறைந்தது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வரும்போது, விருந்துக்கு வந்த ஆள் போலக் கதிரையின் நுனியில் இருப்பார். மகள் பிறேமினிக்குப் பரீட்சை வருடம் என்பதால் நாங்கள் இல்ஃபோர்டை விட்டு அசைய முடியாது. அவர் மட்டும் டன்கேர்க்கில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமைகளில் கப்பல் ஏறி டோவரில் இறங்கி வீட்டுக்கு வருவது என்பது திட்டம். பிரெஞ்சுப் பாஸ்போட் இருப்பதால் அங்கே வேலை செய்யத் தடையில்லை. பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டுமென்று பாரிஸை விட்டு லண்டனுக்கு வந்த குடும்பத்தின் தகப்பன், வேலைக்காகத் திரும்பிக் கடல் கடக்கப்போகிறார். யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

இவருக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 2001 முதல் 2006 வரை அதே டன்கேர்க்கில், கப்பல் திருத்துகிற ஒரு யார்டில், ஐந்து வருடம் இதே வேலை செய்தவர். ஆனால் அந்த ஐந்து வருடமும் கிறிஸ்துராஜா என்று ஒரு ஆள் அங்கே இருக்கவில்லை. அங்கே வேலை செய்தது ஞானரட்ணம்.

பிரான்ஸில் எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. விசா கிடைக்காதவன், விசா இருக்கிறவனுடைய அடையாள அட்டையைக் கொண்டு வேலைக்குப் போவான். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்றுதான். படத்தில் இருக்கிறவருக்கு மீசை இருந்தால், போகிறவரும் மீசை வைத்தால் போதும். ஞானரட்ணமண்ணைக்குப் பத்து வருட விசா இருந்தது. அவர் பாரிஸில் ஒரு உணவகச் சமையலறையில் பதிவில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் சும்மாதானே கிடக்கிறது, நீர் கொண்டு போம் என்று கொடுத்தார். இப்படிப் பெயரை இரவல் கொடுத்தவர்கள் மாதாமாதம் ஒரு பங்கு வாங்குவது வழக்கம். ஞானரட்ணமண்ணை ஒரு சதம் வாங்கவில்லை. அதனால்தான் அவரை இன்றைக்கும் திட்ட முடியாத இடத்தில் நாங்கள் இருக்கிறோம். என் கணவர் தன் சொந்த விசா வரும்வரை ஐந்து வருடம் ஞானாவாக எழும்பி, ஞானாவாகத் தலைக்கவசம் போட்டு, ஞானாவாகச் சம்பளத் தாளில் கையெழுத்து வைத்தார். இன்றைக்கும் கோயிலில் யாராவது ஞானரட்ணம் என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்துக் கதைகளை இவர் அலுக்காமல் சொல்வார். பழைய கப்பல்களின் இயந்திர அறைகளில் குழாய்களை அறுத்து, பட்டியில் கட்டி, கிறேனில் ஏற்றி அனுப்ப வேண்டும். குழாய்களைச் சுற்றிச் சாக்குப் போல ஒன்று பொதிந்திருக்கும், தொட்டால் மாவாக உதிரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிட்டுக்கு மா குழைத்தவர் போல முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருப்பாராம். ஞானா, இன்றைக்குத்தான் நீ முழுப் பிரெஞ்சுக்காரன் ஆனாய் என்று ஒரு அல்ஜீரியாக்காரன் பகிடி விடுவானாம். பிறேமினியின் முதல் நன்மை விருந்தில்கூட இந்தக் கதை வந்தது. ஞானரட்ணமண்ணையும் அந்த மேசையில் இருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தப் பெண் கேட்ட தாளுக்கு ஒரே வழிதான் இருந்தது. இந்த வருடங்களில் என் பெயரில் வேலை செய்தவர் இவர்தான் என்று ஞானரட்ணமண்ணை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பிரான்ஸில் இப்படியான கடிதங்களைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாங்கள், கொண்டுவாருங்கள் பார்ப்போம் என்று ஏஜென்சிப் பெண்ணே சொன்னாள். கடிதத்தை நான்தான் எழுதினேன். பாரிஸில் மூன்று வருடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள் நான். மூன்று தரம் எழுதி, மகளின் கணினியில் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். ஞானரட்ணமண்ணையின் கையெழுத்து இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, அண்ணையைவிட வடிவாகப் போடுவார். வீட்டிலேயே போட்டு அனுப்பியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். "இந்த முறை என்ர பேரில போறன், மெற்றில்டா. அதில களவு வேண்டாம்," என்றார். அந்தச் சொல்லுக்காகவே மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

எங்களைப் போலவே பிரான்ஸை விட்டு வந்து, தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருந்தார் ஞானரட்ணமண்ணை. வீட்டுக் கதவைத் திறந்தது அஞ்சலீனா அக்கா. அவருடைய மனைவி. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தோம், ஆனால் எதற்கென்று இவர் சொல்லவில்லை. நேரில் கேட்டால்தான் மறுக்க மாட்டார் என்பது இவருடைய கணக்கு. மேசையில் ரோல்ஸ் இருந்தது, தேத்தண்ணீர் இருந்தது. அண்ணைக்கு அறுபத்தாறு வயது, முழங்காலைத் தடவிக்கொண்டே கதைத்தார். வோல்சிங்கம் மாதா கோயில் யாத்திரைக்கு இந்த வருடம் எத்தனை பஸ் போனது, புதிய சுவாமியாரின் பிரசங்கம் ஏன் நீளம், எல்லாம் பேசினோம். நான் சுவரிலிருந்த மணிக்கூட்டையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை. பிரான்ஸில் ஒன்றரை. என் கணவர் மூன்றாவது ரோல்ஸை எடுத்தபோது நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன்.

அவர் விஷயத்தைச் சொன்னார். நான் கடிதத்தை வைத்தேன். ஞானரட்ணமண்ணை கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். வடிவாக எழுதியிருக்கிறாய் பிள்ளை என்று என்னைப் பாராட்டினார். பிறகு அந்தத் தாளை மெல்ல எங்கள் பக்கமாகவே தள்ளிவிட்டு, பென்ஷன் கதையைத் தொடங்கினார். பிரான்ஸிலிருந்து வருகிற பென்ஷனில் அந்த ஐந்து வருடமும் சேர்ந்திருக்கிறதாம். இப்படி எழுதிக் கொடுத்தால் அவர்கள் தோண்டுவார்களாம், விசா கொடுத்த நாள் வரைக்கும் போவார்களாம். இது ஒரு சின்ன ஏஜென்சிக்குக் கொடுக்கிற கடிதம், யாரும் தோண்ட மாட்டார்கள் என்று இவர் சொன்னார். அண்ணை தலையை ஆட்டினார், ஆனால் பேனாவை எடுக்கவில்லை. முழங்காலைத் தடவுவதும் நிற்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம், பென்ஷனைவிடக் கனமான ஏதோ ஒன்று அந்த மடியில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

என் கணவர் கெஞ்சத் தொடங்கினார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் யாரிடமும் கெஞ்சிக் கண்டவள் அல்ல நான். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன் அண்ணை, காலையில் எழும்பினால் சப்பாத்துப் போட ஒரு காரணமில்லை என்று சொன்னார். வாசலில் நின்ற அஞ்சலீனா அக்கா கையைத் துடைத்த துணியைக் கதிரையில் போட்டார்.

"சொல்லுங்கோவன் அதுகளுக்கு. இன்னும் எவ்வளவு நாளைக்கு வைச்சிருக்கப்போறியள்?"

அண்ணை எழும்பி உள்ளே போனார். ஒரு பழைய பைலுடன் வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பைலைத் திறந்ததும் என் கணவருக்கு உயிர் வந்துவிட்டது. அந்த ஐந்து வருடச் சம்பளத் தாள்கள் அத்தனையும் அதில் இருந்தன. கொழுவுகிற வேலைக்கு யார்டில் கொடுத்த அத்தாட்சித் தாளும் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். "இஞ்ச பாரும், டிசம்பர் இருவத்திநாலு, நத்தாருக்கு முதல்நாளும் வேலை செய்திருக்கிறன்," என்றார். சின்னப்பிள்ளை பள்ளிக்கூட ரிப்போட்டைக் காட்டுவது போல இருந்தது. நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே பைலின் அடியில் கிடந்த புதிய உறையை எடுத்தேன். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கடிதம், லண்டன் விலாசத்துக்கு வந்தது.

இரண்டாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. அமியோந்த். எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். நாங்கள் பாரிஸில் இருந்த கட்டடத்தின் லிஃப்டில் ஒரு நாள் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். கீழ்த்தளத்துப் பழைய கூரையைக் கழற்ற முகமூடியும் வெள்ளை உடுப்புமாக ஆட்கள் வந்தார்கள், எங்களை மூன்று கிழமை வேறு இடத்தில் படுக்க வைத்தார்கள். அஸ்பெஸ்டஸைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஊரில் கூரைச் சீற்றில் இருக்கிற சாமான். உடைத்து மூச்சில் எடுத்தால் இருபது முப்பது வருடம் நெஞ்சுக்குள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு எழும்புகிற சாமான். இந்த யார்டில் இந்த வருடங்களில் வேலை செய்தவர்கள் அதைச் சுவாசித்திருக்கக்கூடும், இலவசமாக நெஞ்சை ஸ்கான் பண்ணிப் பார்க்க வாருங்கள் என்று கடிதம் மரியாதையாகக் கேட்டிருந்தது. அன்புள்ள திரு. ஞானரட்ணம்.

பக்கத்தில் இவர் இன்னும் சம்பளத் தாள்களை மாத வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் பெயர், ஞானரட்ணத்தின் பெயர், பிறந்த திகதி. கீழே ஒரு வரி. இரு நுரையீரல்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை.

"ஆரண்ணை போனது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் ஞானரட்ணமண்ணை.

பிறகு அவர் சொல்லச் சொல்ல, என் கணவர் அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். முதல் கடிதம் வந்தபோது அண்ணை அதைக் குப்பையில் போட்டாராம். இரண்டாவதையும் போட்டாராம். மூன்றாவதையும் பதிலில்லாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள், தேடினால் இந்த ஆள் டன்கேர்க் மண்ணையே மிதிக்கவில்லை என்று தெரிந்துவிடும், பென்ஷன் போய்ப் பிரஜாவுரிமையும் போகும் என்று பயந்தாராம். அந்தப் பயத்தில் பாதி வீண்பயம். ஆனால் இரவல் பெயர் கொடுத்தவனுக்கு எது வீண்பயம் என்று யார் சொல்லிக்கொடுப்பது? பஸ் பிடித்துப் பிரான்ஸுக்குப் போனாராம். டொக்டர் முதலில் வேலையைப் பற்றிக் கேட்டாராம். எந்தக் குழாய், என்ன தூசு, முகமூடி போட்டீர்களா, எத்தனை மணி நேரம்.

"உம்மட கதையைத்தான் சொன்னன், தம்பி. பிட்டு மா, அல்ஜீரியாக்காரன், எல்லாம். ஒண்டும் விடேல்லை. அந்தப் பொம்பிளை டொக்டர் எழுதி எழுதிக் கவலைப்பட்டவ. பிறகு என்னை மிசினுக்குள்ள படுக்க வைச்சவை."

இரண்டு கிழமையில் ஒன்றுமில்லை என்று பதில் வந்ததாம். அஞ்சலீனா அக்கா மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாராம். ஒன்றும் இருக்க வழியில்லாத நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு. எனக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு சதம் வாங்காமல் பெயர் தந்தவர், என் கல்யாணத்துக்குப் பாரிஸ் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தவர், அவரைத்தான் சொல்கிறேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதத் தமிழ்ப் பூசையிலும் எங்களோடு கைகுலுக்கிச் சமாதானம் சொல்லியிருக்கிறார். இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதே சரி.

"சொன்னால் நீங்கள் போவியள். எந்தப் பேரில போவியள், பிள்ளை? அந்தப் பேருக்கு ஒண்டுமில்லை எண்டு எழுதி முடிஞ்சுது."

லண்டனிலேயே ஒரு டொக்டரிடம் காட்டலாம், அது பிறகு யோசித்தபோது வந்த பதில். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கணவருடைய ஐந்து வருட மூச்சுக்கு வேறொருவர் போய்ப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான்.

கிறிஸ்துராஜா அந்த ஆஸ்பத்திரித் தாளை என் கையிலிருந்து வாங்கினார். பிரெஞ்சு வாசிக்க நேரமெடுக்கிற ஆள், அந்த ஒரு வரியில் நெடுநேரம் நின்றார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டும் பார்த்தார். பிறகு தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தார். அழுவார் என்று நினைத்தேன், சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, அந்தக் கையெழுத்து," என்றார்.

கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட பிறகும் இந்த மனிதர் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஆனால் அடுத்து நடந்தது அதைவிட மோசம். ஞானரட்ணமண்ணை உடனே உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஒரு மணி நேரமாகப் பென்ஷன், விசா என்று அசையாத மனிதர், இப்போது எங்களுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நாங்கள் எதற்காக வந்தோமோ அது கைக்கெட்டிய அந்த நொடியில் எனக்கு அது வேண்டாமல் போய்விட்டது. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை இவர் மறுபடியும் அதே துறைமுகத்துக்குப் போவார். படம் எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போவார். நான் எழுதிய கடிதத்தின் மேலே என் கையை அகல விரித்து வைத்தேன். இப்போது வேண்டாம், முதலில் டொக்டரிடம் போவோம் என்று சொன்னேன்.

"மெற்றில்டா, கையை எடும்."

இவர் சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தார், தள்ளவுமில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் காணாத ஒரு முகம் அது, எங்கேயோ போக வேண்டிய அவசரம் இருக்கிற ஒரு மனிதனின் முகம். அந்த வெளிச்சத்தை நான் மறுபடியும் அணைத்துவிடப் பயந்தேன். கையை எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை வைத்திருக்க என்னால் ஏலவில்லை.

ஞானரட்ணமண்ணை கையெழுத்து வைத்தார். அஞ்சலீனா அக்கா மிச்ச ரோல்ஸை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்காமல் வந்தேன்.

ஈஸ்ட் குரொய்டனில் ரயில் மாற நிற்கும்போதே இவர் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். ஃபாரிங்டனில் இறங்கியதும் போன் அடித்தது. சனத்துக்குள் கேட்கவில்லை என்று ஒரு தூணோரம் ஒதுங்கி, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண்ணின் குரலில் நல்ல சந்தோஷம். கடிதம் போதும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், முதல் மாதம் தங்குவதற்குத் தொழிலாளர் விடுதியில் அறை பார்த்துத் தருகிறோம், டன்கேர்க்குக்கு நல்வரவு என்றாள். டன்கேர்க்குக்கு ஞானரட்ணம்தான் பழைய ஆள், கிறிஸ்துராஜா புதிதாக வருகிறவர்தானே. முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு, இரண்டாம் நாள் மருத்துவப் பரிசோதனை. பழைய கப்பல்களில் வேலை செய்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இருப்பதால் டொக்டர் ஊதச் சொல்லி மூச்சை அளப்பார், தேவைப்பட்டால் நெஞ்சுப் படமும் எடுப்பார், வழக்கமான விஷயம்தான், பயப்பட வேண்டாம் என்றாள். இவர் வி மதாம், வி மதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை அசையவில்லை. அந்தக் கடிதத்தில் கப்பல் என்ற சொல்லை நான்தான் எழுதினேன். அனுபவம் கனமாகத் தெரியட்டும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

எலிசபெத் லைன் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க இடம் கிடைத்தது. நாளைக் காலை எட்டு மணிக்கே எங்கள் டொக்டருக்கு அடிக்கிறேன், அவசரம் என்று சொன்னால் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்வோம் என்றேன். அவர் எதிரே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். இங்கே ஏதாவது இருக்கிறது என்று எழுதிவிட்டால் அங்கே கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியாது என்றார். அதற்குத்தானே போகச் சொல்கிறேன் என்றேன். லிவர்பூல் ஸ்ட்ரீட் போய், வைட்சாப்பலும் போனது. ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் சனம் இறங்கிய பிறகு மெல்லச் சொன்னார்.

"படம் எடுத்தால்தான் இருக்கும். எடுக்காட்டி இல்லை."

"உங்களுக்கென்ன விசரே?"

"இருவது வருஷமா இல்லைத்தானே. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இல்லாமலே இருக்கட்டும். ஊதச் சொன்னால் ஊதிக் காட்டுவன்."

இன்னும் ஒரு சொல் பேசியிருந்தால் அழுதிருப்பேன், அந்தப் பெட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தாய்மார் இரண்டு பேர் இருந்தார்கள். அவருடைய கையைப் பிடித்தேன். அவரும் பிடித்தார். பாரம் கட்டிக் காய்த்த கை, எட்டு மாதத்தில் மென்மையாகியிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு கேவலமான வேண்டுதலையும் செய்தேன். மாதாவே, ஞானரட்ணத்துக்கு வந்த அந்தத் தாள் போலவே இவருக்கும் ஒன்று வரட்டும்.

இல்ஃபோர்டில் இறங்கினோம். காலையிலிருந்து நின்றும் நடந்தும் என் கால் வீங்கியிருந்தது, நான் லிஃப்ட் பக்கமாகத் திரும்பினேன். அவர் வரவில்லை. நீர் அதில் வாரும், நான் இதால வாறன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தார். பரீட்சை மண்டபத்துக்குள் போகிற ஆள் போலச் சட்டையை ஒரு தரம் இழுத்துவிட்டார். பிறகு இரண்டு இரண்டு படியாக ஏறத் தொடங்கினார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

லிஃப்ட் வரவும், ஒரு தள்ளுவண்டி ஏறவும், கதவு மூடித் திறந்து மறுபடியும் மூடவும் நேரமாகியது. மேலே கதவு திறந்தபோது ரிக்கற் கேற்றுக்குப் பக்கத்தில் அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடுகள் இறுக மூடியிருந்தன. மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது, சட்டையின் இரண்டாவது பொத்தான் மேலும் கீழுமாகப் போய்வந்தது. கிட்டப் போய், என்னப்பா என்றேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். சனம் எங்கள் இரண்டு பக்கத்தாலும் பயண அட்டையைத் தட்டித் தட்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து ஏதாவது ஒரு சொல் சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.